மாட்டு டாக்டர்னா அவ்வளவு இளக்காரமா?

மக்களே, முதலில் ஒரு சின்ன வேலை. சட்டையின் இடது கையைக் கொஞ்சம் மேலே சுருட்டுங்கள். தோளுக்குக் கீழே காசு அளவில் ஒரு தழும்பு தெரிகிறதா? பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி. காசநோய்த் தடுப்பூசி. அந்த மூன்று எழுத்தில் நடுவில் இருப்பவர் கால்மெட் என்ற மருத்துவர். கடைசியில் இருப்பவர் கேமில் கெரான். அவர் ஒரு கால்நடை மருத்துவர். நம் பாஷையில் சொன்னால், மாட்டு டாக்டர்.

அந்தத் தழும்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

போன வாரம் எங்கள் வகுப்பில் குழு விவாதம். மூன்றாம் ஆண்டு பி.காம்., மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் தூக்கம். தலைப்பு: 'அரசு எந்தச் செலவைக் குறைக்கலாம்?' ஆளாளுக்கு வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நம்ம நண்பன் ஒருத்தன் எழுந்தான் (பேர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும்). "கால்நடை ஆராய்ச்சி" என்றான்.

"ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் வரைக்கும் இப்ப எவன் மச்சி மாடு வெச்சிருக்கான்? அப்படியே மருந்து தேவைன்னா கம்பெனிக்காரன் கண்டுபுடிச்சு விப்பான். மாட்டுக்கு மூக்கு ஒழுகுதான்னு பாத்துக்கினு இருக்கறவனுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்? ரிட்டர்ன் என்ன, காட்டு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இத்தனை நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது. எங்கள் அம்மா இன்று எழுந்து நடமாடுவதற்கு ஒரு மாட்டு டாக்டர் காரணம். அதைத் தெரிந்துகொண்டே சிரித்தேன்.

அன்று வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குப் பிராயச்சித்தமாக இது. நண்பன் சொன்னது மூன்று: ஒன்று, இங்கே மாடே இல்லை. இரண்டு, தேவையென்றால் சந்தை பார்த்துக்கொள்ளும். மூன்று, வருமானம் காட்டு. வரிசையாக வருகிறேன்.

*

மாடே இல்லையாம். மச்சி, நீ காலேஜ் பஸ்ஸில் கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்குகிறாய், உனக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் பைக்கில் வந்து பார். நடுவில் இருக்கிற மேட்டில் வரிசையாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருப்பது என்ன, கார் கம்பெனியின் புது மாடலா?

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். இதற்கு நடுவில் எங்கள் பக்கத்து ஊர்களில் மேய்ச்சல் நிலம் மனையானது, ஏரிக்கரைக்குப் போகும் வழிக்குச் சுற்றுச்சுவர் வந்தது. மாடு மட்டும் போகவில்லை. மேய இடம் இல்லாததால் அது சாலைக்கு வந்தது, குப்பைமேட்டுக்கு வந்தது, நம் வாசலுக்கு வந்தது. முன்பு ஆடு கட்டிய இடத்தில் இப்போது ஒடிசா, பீகார் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்ட வரிசை அறைகள். அந்த அறையின் பின்சுவரை ஒட்டி மாட்டுக் கொட்டகை. காலை ஐந்தரை மணி ஷிப்ட் பஸ் ஏறுவதற்கு முன்னால் கம்பெனி கேட் எதிரில் குடிக்கிற டீயில் இருக்கும் பால், அந்தக் கொட்டகையில் கறந்தது. பெண்கள் விடுதியில் தினம் முட்டை. ஞாயிற்றுக்கிழமை தெருவுக்கு இரண்டு கறிக்கடை.

ஆக, மாடு குறைந்திருக்கலாம். ஆனால் மாட்டுக்கும் மனிதனுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அதைவிட வேகமாகக் குறைந்திருக்கிறது. மனிதனுக்கு வரும் தொற்றுநோய்களில் ஏறக்குறைய 60 சதவீதம் விலங்கோடு தொடர்புள்ளவை, புதிதாகக் கிளம்பும் நோய்களில் ஏறக்குறைய 75 சதவீதம் விலங்கிலிருந்து தாவியவை என்பது உலக விலங்கு நல அமைப்பு சொல்லும் கணக்கு. பத்து மாநிலத்து ஆட்கள் நெருக்கி வசிக்கும் இந்தப் பட்டையில் கால்நடை ஆராய்ச்சி வேண்டாம் என்பது, பட்டாசுக் கடைக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டு 'தீயணைப்பு நிலையத்தை மூடு' என்பது மாதிரி.

*

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். 2022. நான் பிளஸ் டூ முடித்த வருஷம்.

அப்பா ஒப்பந்தத் தொழிலாளி, ஒரு உதிரிபாகக் கம்பெனியில். மாதச் சம்பளம் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். வீட்டை ஓட்டியது அம்மாவின் மாடு. இருந்த இரண்டில் ஒன்றை, சினை மாடாக, சந்தையில் 45,000 ரூபாய்க்கு வாங்கினோம். செவலை. ஜெர்சி கலப்பு. நல்ல மாடு என்று தரகர் சத்தியம் செய்தார்.

ஏழாம் மாதம் கன்று வீசிவிட்டது. செத்த கன்று. நஞ்சுக்கொடி விழவில்லை. ராத்திரி நேரம், யாரைக் கூப்பிடுவது? அம்மா என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, வெறும் கையால் பிடித்து இழுத்துப் போட்டார்கள். எங்கள் பாட்டியும் அப்படித்தான் செய்வார்கள்.

மூன்று வாரம் கழித்து அம்மாவுக்குக் காய்ச்சல். காலையில் இருக்காது, சாயங்காலம் ஏறும், ராத்திரி வேர்த்துக் கொட்டி இறங்கும். இடுப்பு, முட்டி எல்லாம் வலி. ஒரு மருத்துவமனையில் டைபாய்டு என்றார்கள். இன்னொன்றில் மறுபடியும் டைபாய்டு என்றார்கள். மூன்றாவது இடத்தில் முடக்குவாதம். நான்காவதில், "வயசாகுதில்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை. நான்கு மாதம், 62,000 ரூபாய். அம்மா பாதியாகிவிட்டார்கள். பால் கறக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டும். இவ்வளவு இடத்திலும் ஒருத்தர்கூட "வீட்ல மாடு இருக்கா?" என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் மாட்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் ஒரு அக்கா வந்தார்கள். கால்நடை மருத்துவத்தில் மேல்படிப்பு. ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய் மாட்டின் பாலும் ரத்தமும் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார்கள். எங்கள் தெருப் பையன்கள் "சாணி டாக்டர்" என்று கத்தினார்கள். அவர்கள் காதில் விழாத மாதிரி வேலையைப் பார்த்தார்கள்.

செவலையைப் பார்த்ததும் கேட்ட கேள்வி: "கன்னு வீசிச்சா? எத்தனாவது மாசம்?"

அடுத்த கேள்வி: "நஞ்சுக்கொடிய யாரும்மா எடுத்தது?"

திண்ணையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா கையைத் தூக்கினார்கள். வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரி.

"உங்களுக்குக் காய்ச்சல் வருதாம்மா? சாயங்காலத்துலயா?"

அவ்வளவுதான். நான்கு மருத்துவமனை, நான்கு மாதம், 62,000 ரூபாய் கண்டுபிடிக்காததை மூன்று கேள்வியில் பிடித்துவிட்டார்கள். புரூசெல்லா என்று எழுதி, என்ன பரிசோதனை எடுக்கச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மாட்டின் ரத்தத்திலும் இருந்தது, அம்மாவின் ரத்தத்திலும் இருந்தது. பிறகு டாக்டரே சரியான மருந்து எழுதினார். ஆறு வாரம் இரண்டு மாத்திரை. காய்ச்சல் போனது. முட்டி வலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கன்று வீச்சு நோய் என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். நோயுள்ள மாடு கன்று வீசும்போது நஞ்சுக்கொடியிலும் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் வரும். கையில் சின்னக் கீறல் போதும். பச்சைப் பாலிலும் வரும். நாம் பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், அதனால் வீட்டில் மற்றவர்கள் தப்பித்தோம். வாடகை வீட்டுக் குழந்தை தப்பித்தது.

இது புது நோயும் கிடையாது. 1887-ல் மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இப்படி ஏறி இறங்கும் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தபோது டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் கிருமியைப் பிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 18 வருஷம் கழித்து, 1905-ல், தெமிஸ்டோக்கிளிஸ் ஸமிட் என்ற உள்ளூர் டாக்டர் ஆட்டின் ரத்தத்தைச் சோதித்தார். நோயாளி மாதிரியே தெரியாத, நன்றாகத் தின்று நன்றாகக் கறக்கும் ஆடுகள். அவற்றின் ரத்தத்தில் நோயின் தடயம் இருந்தது. அடுத்த வருஷம் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது, காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. ஆட்டைப் பார்க்காமல் மனிதனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அந்த 18 வருஷம்தான் எங்கள் அம்மாவின் நான்கு மாதம்.

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்தது. 1999 கோடையில் நியூயார்க்கில் ஆட்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். பெரிய பெரிய நிபுணர்கள் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்றார்கள். அதே நேரம் ஊர் முழுக்கக் காக்காய்கள் செத்து விழுந்தன. பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையின் கால்நடை நோயியலாளர் டிரேசி மெக்நமாரா, 'அந்த நோய் பறவையைக் கொல்லாது, நீங்கள் தப்பாகப் பார்க்கிறீர்கள்' என்று தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் அது அமெரிக்கா அதுவரை பார்த்திராத வெஸ்ட் நைல் வைரஸ். 2024-ல் அமெரிக்கப் பால் மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததையும் முதலில் மோப்பம் பிடித்தவர்கள் பண்ணைக் கால்நடை மருத்துவர்கள்தான். மாட்டுக்குப் பால் குறைகிறது, பண்ணைப் பூனைகள் சாகின்றன, என்னவோ சரியில்லை என்று மாதிரி எடுத்து அனுப்பினார்கள்.

*

இரண்டாவது: சந்தை பார்த்துக்கொள்ளும்.

நாம் பி.காம். படிக்கிறோம், இதை நாம் சொல்லவே கூடாது. விற்று லாபம் எடுக்கக்கூடிய பண்டத்தைத்தான் சந்தை தயாரிக்கும். விற்க முடியாத அறிவை யார் தயாரிப்பார்கள்?

உதாரணம் சொல்கிறேன். மாட்டுக்கு மடிநோய் வந்தால் ஆண்டிபயாடிக் ஊசி. அதன் மிச்சம் பாலில் வரும், நம் வயிற்றுக்கு வரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய வைத்தியம் என்ன தெரியுமா? சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு. அரைத்து மடியில் பூசு. இன்று தேசிய பால்வள வாரியமே இதை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கிறது. எந்தக் கம்பெனி இதற்கு முதல் போடும்? கற்றாழை கொல்லையில் முளைக்கிறது, மஞ்சள் அடுப்படியில் இருக்கிறது, சுண்ணாம்பு பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. பாட்டிலில் அடைத்து முத்திரை குத்தி விற்க என்ன மிச்சம்?

இன்னொன்று, நாட்டுக்கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். (ராணிக்கெட் என்பது உத்தராகண்ட் மலையில் ஒரு ஊர், அதற்கான ஊசி மருந்து தயாராவது நம்ம ராணிப்பேட்டையில். குழப்பிக்கொள்ள வேண்டாம் :-) ) பெரிய பண்ணையென்றால் ஆயிரக்கணக்கில் கோழி, ஊசி வாங்குவார்கள், கம்பெனிக்கு லாபம். ஆறு கோழி வைத்திருக்கும் ஆயாவுக்கு? ஆயா எப்போது கோழியைத் துரத்திப் பிடித்து, எந்த ஐஸில் மருந்தை வைத்து, யாரிடம் போய் ஊசி போடுவார்? அதே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தீவனம் மாதிரி தூவிவிடக்கூடிய குருணை மருந்தைச் செய்தார்கள். கோழி தானே பொறுக்கித் தின்றுகொள்ளும். ஆறு கோழி ஆயாவை வாடிக்கையாளராக நினைத்து உட்கார்ந்து யோசிக்க அரசு ஆராய்ச்சியாளரை விட்டால் ஆள் கிடையாது.

ஆடும் அப்படியே. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் பக்கம், அரசூர் கிராமத்தில், 1987-ல். அந்த ஊர் ஆட்டிலிருந்து எடுத்த வைரஸை வைத்தே நம் பல்கலைக்கழகம் தடுப்பூசி செய்தது. வைரஸுக்குப் பெயரும் 'அரசூர் 87' தான். நோய் வந்த ஊர் பெயராலேயே மருந்து. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐபோன் எந்த ஷெட்டில் பூட்டப்படுகிறது என்று மட்டும் தெரியும்.

*

மூன்றாவது, முக்கியமானது: வருமானம் காட்டு.

காட்டுகிறேன். முதலில் நாம் முதல் வருஷம் படித்த முன்னெச்சரிக்கைக் கொள்கையை ஞாபகப்படுத்திக்கொள். வரப்போகும் லாபத்தைக் கணக்கில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கு. வாராக்கடனுக்கு ஒதுக்குகிறோம், தேய்மானத்துக்கு ஒதுக்குகிறோம். எந்த முட்டாளாவது, 'போன வருஷம் தீப்பிடிக்கவில்லை, அதனால் காப்பீட்டுப் பிரீமியம் தண்டம்' என்று எழுதுவானா? பரீட்சையில் எழுதினால் பூஜ்யம். வகுப்பில் சொன்னால் கைதட்டல்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், வராமல் போன நோய்க்கு நம் பேரேட்டில் பக்கம் கிடையாது. எங்கள் வீட்டுக் கணக்கையே எடு. மருத்துவச் செலவு 62,000, எழுதலாம். செத்த கன்று, எழுதலாம். தினம் எட்டு லிட்டர் என்று எதிர்பார்த்த பால், லிட்டர் 40 என்று டீக்கடை விலையில் ஒரு நாளைக்கு 320 ரூபாய், அதையும் எழுதலாம். ஆனால் அந்த மாடு நான்கு முதல் எட்டு மாதக் கன்றாக இருந்தபோது யாராவது ஒரே ஒரு ஊசி போட்டிருந்தால்? கன்று வீச்சுக்கு வாழ்நாளில் ஒரே ஊசி, பெண் கன்றுக்கு மட்டும். 2019-ல் மத்திய அரசு ஆரம்பித்த தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசியோடு இதுவும் இலவசம். அதைப் போட்ட வீட்டில் எதுவும் நடந்திருக்காது. அம்மா நன்றாக இருந்திருப்பார்கள், மாடு கறந்திருக்கும், யாரும் எதையும் எழுதியிருக்க மாட்டார்கள். நடக்காததை எவன் எழுதுவான்? அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்துத்தான் நண்பன் 'ரிட்டர்ன் எங்கே' என்கிறான்.

பெரிய கணக்கு வேண்டுமா? வெக்கை நோய். நம் தாத்தாக்களைக் கேளுங்கள், பேரைச் சொன்னாலே முகம் மாறும். மாட்டுக்கு வாயெல்லாம் புண், கழிச்சல், ஒரு வாரத்தில் பட்டி காலி. 1890-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தபோது மாடுகளில் 80, 90 சதவீதத்தை அடித்துப் போட்டது, எத்தியோப்பியாவில் மாட்டோடு சேர்ந்து மனிதர்களும் பஞ்சத்தில் செத்தார்கள். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் பிரான்ஸின் லியோனில் தொடங்கியதற்கே இந்த நோய் ஒரு பெரிய காரணம்.

இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டியது 1995-ல், நம் வட ஆற்காட்டில். அதாவது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இதே பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வருகிற சீமை. அந்தச் சாலையில்தான் ராணிப்பேட்டையில் 1932-லிருந்து கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. நாம் பிரியாணிக்காக ஆம்பூர் போகும்போது தாண்டிப் போவோம், திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் செய்தது ஊசி போட்டதைவிடப் பெரிய வேலை. ஊசியை நிறுத்தினார்கள். ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும் நோய் வந்துபோன மாட்டின் ரத்தத்திலும் ஒரே மாதிரி எதிர்ப்புப் பொருள் இருக்கும், பிரித்துச் சொல்ல முடியாது. ஊசியை நிறுத்தினால்தான் நோய் உண்மையிலேயே போய்விட்டதா, எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தெரியும். நிறுத்திவிட்டு, ஊர் ஊராகப் போய், இல்லாத நோயைத் தேடினார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். வருஷக் கணக்கில். 2006-ல் இந்தியா விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது, 2011-ல் உலகமே. மனித சரித்திரத்தில் அடியோடு ஒழித்த நோய் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை, அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. இன்னொன்று இது.

இதன் ரிட்டர்ன் இன்று நாட்டில் நிற்கும் ஒவ்வொரு மாடும்தான். எந்த ஆண்டறிக்கையில் அச்சடிப்பாய்?

காலாண்டு முடிவு கேட்கிறாய் இல்லையா? தோள் தழும்புக்குத் திரும்பி வா. கால்மெட்டும் கெரானும் 1908-ல் மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கையில் எடுத்தார்கள். உருளைக்கிழங்குத் துண்டில் பித்தநீர் கலந்து வளர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை புதுத் துண்டுக்கு மாற்றி, மாற்றி, 230 தடவை. 13 வருஷம். நடுவில் ஒரு உலகப்போர். 1921-ல்தான் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் வகுப்பு அன்று இருந்திருந்தால் மூன்றாவது மாதத்தில், 'செயல்திறன் இல்லை' என்று கடையைச் சாத்தியிருக்கும். தோளில் தழும்பு இருந்திருக்காது, சில தோள்களே இருந்திருக்காது.

*

உடனே 'எல்லாரும் தெய்வம்னு சொல்றியா' என்று கிளம்ப வேண்டாம். குறை இருக்கிறது. அன்று ராத்திரி எங்கள் மாட்டுக்கு டாக்டர் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, மாடு தமிழ் வீட்டில் இருக்கிறது. கையுறை போட்டுக்கொள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கவராவது சுற்றிக்கொள், நஞ்சுக்கொடியைச் சுண்ணாம்பு போட்டுப் புதை என்ற இரண்டு வரி எங்கள் பால் சங்கச் சுவரில் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. இதையெல்லாம் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் 'போதவில்லை, இன்னும் செய்' என்று திட்டுவது வேறு, 'எதற்கு, மூடு' என்பது வேறு.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். செவலைக்கு நோய் என்று தெரிந்ததும் தரகர் வந்தார். 22,000 தருகிறேன், கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். அப்பா சம்மதிக்கிற நிலையில்தான் இருந்தார். அம்மாதான், "இன்னொருத்தி கைய விட்டு இழுப்பா. வேணாம்" என்றார்கள். விற்கவில்லை. அந்த அக்கா சொன்னபடி மறுபடி சினைக்கு விடவில்லை, தனியாகக் கட்டியிருக்கிறோம். இன்றும் வைக்கோல் தின்றுகொண்டு நிற்கிறது. எங்களுக்கு யாரும் நஷ்டஈடு தரவில்லை. உண்மையைச் சொன்னவனுக்கு நஷ்டம், மறைத்து விற்றவனுக்கு 22,000 லாபம் என்றால் எவன் சொல்லுவான்? பி.காம். படிக்கிற நாம் பேச வேண்டிய கணக்கு இதுதான். நோயை மறைக்காமல் சொல்கிறவனுக்குப் பணம் கொடு. அதைவிட மலிவான தடுப்பூசி கிடையாது.

பணம் எங்கே என்று கேட்பாய். உன் வீட்டு மொட்டைமாடியில் ஏறிப் பார், நாலு பக்கமும் கம்பெனி. 2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலும் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணையில் விலங்கு நலன் என்று அச்சடித்தே இருக்கிறது, பொதுப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கும் இடம் இருக்கிறது. பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், சந்தோஷம். சிங்கபெருமாள் கோயிலைத் தாண்டினால் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தன் தொழிலாளி வாடகைக்கு இருக்கும் வீட்டின் கொட்டகையில் என்ன நோய் இருக்கிறது என்று பார்க்க, மாதிரி எடுக்கிறவர் பஸ்ஸில் ஐஸ் பெட்டியைச் சுமக்காமல் இருக்க ஒரு வண்டி. ஒரு காரின் விலை. இந்தப் பட்டையில் காருக்கா பஞ்சம்?

2020 மார்ச் கடைசியில் இந்த நெடுஞ்சாலை எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஷிப்ட் பஸ் இல்லை. இவ்வளவு இரும்பும் கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. அந்த வைரஸ் எங்கிருந்து கிளம்பியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒரு நோய் ஒரு தொழிற்பேட்டையை என்ன செய்யும் என்பதில் சண்டை இல்லை.

நண்பா, அடுத்த வாரம் விவாதம் தொடர்கிறது. இந்த முறை நான் சிரிக்கப்போவதில்லை, பேசப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வா. அம்மா டீ போட்டுத் தருவார்கள். பாலை நன்றாகக் காய்ச்சித்தான் போடுவார்கள், பயப்படாதே :-)

டிஸ்கி: கன்று வீச்சுக் கிருமி அதிகமாகப் பிடிக்கும் ஆட்களில் கால்நடை மருத்துவர்களும் சேர்த்தி. தடுப்பூசி மருந்திலேயே உயிருள்ள கிருமி இருக்கிறது, போடும்போது ஊசி தவறிக் கையில் குத்தினால் அவர்களுக்கே நோய் வரலாம். அந்த அக்காவிடம் "பயமா இல்லையா?" என்று கேட்டேன். "பயமாத்தான் இருக்கும், அதுக்காக மாட்டைப் பாக்காம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கொட்டகைக்குக் குனிந்து போனார்கள்.